ஒரு பாட்டு படமாகிறது

1963ஆம் ஆண்டில் ‘தோட்டக்காரி’ வெளிவந்தபோது, தோட்ட மக்களின் வாழ்வு இலங்கைத் தமிழ்த் திரையில் இடம்பெற்றது. இன்று டிக்கோயா மாணவர் கைத்தொலைபேசி கொண்டே தம் பாட்டைப் படமாக்கிவிடலாம். ஆயினும் சில நுட்பங்களை அறிந்திருத்தல் நலம்.

முதலில் பாட்டை ஒலிப்பதிவு செய்துகொள்ள வேண்டும். பின்னர் அதனை ஒலிக்கவிட்டு, அதற்கேற்ப வாயசைப்பதே வழக்கம். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றரே செல்லும். ஒலிபெருக்கி 34 மீற்றருக்கு அப்பால் இருப்பின், பாட்டு விநாடியின் பத்திலொரு பங்கு பிந்தியே நடிப்பவர் செவியை எட்டும். விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடும் படத்தில் அது இரண்டு சட்டங்களுக்கு மேலாகும். ஆதலின் ஒலிபெருக்கியை நடிப்பவர் அருகிலேயே மறைத்து வையுங்கள். தொகுக்கும்போது உதட்டசைவை நோக்கி ஒலியைப் பொருத்துங்கள்.

மூடுபனி சொல்லிக்கொண்டு வருவதில்லை. வெயிற் காட்சியையும் பனிக் காட்சியையும் அடுத்தடுத்து ஒட்டினால் கண் உறுத்தும். ஒரு சரணத்தை ஒரே பொழுதில் எடுத்து முடிப்பதே உத்தமம்.

இவையனைத்தினும் பெரிது ஒன்றுண்டு. கொழுந்தெடுக்கும் தாய்மாரை நிறுத்தி, “இன்னொரு முறை நடவுங்கள், அம்மா” என்று கேளாதீர்கள். குறித்த நிறை சேராவிடில் முழுப்பேர் கிட்டாமல் அரைப்பேர் விழக்கூடும்; அன்றைய கூலியில் பாதி போய்விடும். முன்கூட்டியே அவர்களது இசைவைப் பெறுங்கள். அவர்கள் தம் வேலையைச் செய்யட்டும். கமரா அவர்களைத் தொடர்ந்து செல்லட்டும். அவர்களது கூடை குறையாமல் எடுத்த படமே நிறைவான படம்!