அறுபதுக்கு மேல் ஆடும் கோல்ஃப்

1979இல் அமெரிக்காவின் குவாட் சிட்டீஸ் ஓப்பன் போட்டியில் சாம் ஸ்னீட் ஒரு சுற்றை 67 ஷாட்டுகளில் முடித்தார். அப்போது அவருக்கு வயது 67. அதே போட்டியின் கடைசிச் சுற்றில் 66. பிஜிஏ டூரில் தன் வயதுக்குச் சமமாகவும், பிறகு வயதுக்குக் கீழேயும் ஆடிக்காட்டிய முதல் ஆள் அவர்தான். பதினெட்டுக் குழிகளையும் வயதின் எண்ணிக்கைக்குள் முடிப்பது கோல்ஃபில் தனிப்பெருமை. ஓட்டக்காரருக்கும் வேகப்பந்து வீச்சாளருக்கும் வயது எதையும் தருவதில்லை. இங்கே அது ஆண்டுக்கு ஒரு ஷாட் சலுகை தருகிறது.

ஆனால் உடம்பு அதைவிட வேகமாகத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. வேகமாகச் சுருங்கும் தசைநார்கள்தான் வயதாகும்போது அதிகம் மெலிகின்றன. இடுப்பும் மேல்முதுகும் முன்போலத் திரும்புவதில்லை. மட்டையின் வேகம் மணிக்கு ஒரு மைல் குறைந்தால் நீண்ட தூரத்துக்கான டிரைவர் ஷாட்டில் ஏறத்தாழ இரண்டரை கஜம் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் ஆடுபவருக்குத் தெரிவதில்லை.

தெரியாமல் போவதற்கு இன்னொரு காரணம் கடையில் இருக்கிறது. “ஏழாம் நம்பர் அயர்ன் எனக்கு இன்னும் அதே தூரம் போகிறது” என்று மனமாரச் சொல்பவர்கள் நிறைய. பொய்யில்லை, போகத்தான் செய்கிறது. 1980களில் ஏழாம் நம்பர் மட்டையின் முகச்சாய்வு சுமார் 35 டிகிரி. இன்று பொழுதுபோக்காக ஆடுவோருக்கென்று விற்கும் பல செட்டுகளில் அது 30க்கும் கீழே. அதாவது, அன்றைய ஐந்தாம் நம்பர் மட்டையில் ஏழு என்று பொறித்திருக்கிறார்கள். சாய்வு குறைந்த மட்டையால் பந்தை உயர்த்த வேகம் வேண்டும். வேகம் இல்லாதவர் அடித்தால் பந்து தாழப் பறந்து, குழியைச் சுற்றியுள்ள கிரீனில் நிற்காமல் பின்னால் உருண்டு ஓடிவிடும். ஆகவே வயதானவர் மட்டை வாங்கும்போது எண்ணைப் பார்க்கக் கூடாது, சாய்வு எத்தனை டிகிரி என்று கேட்க வேண்டும்.

டிரைவரிலும் இதே கதைதான். நாற்பது வயதில் வாங்கிய 9 டிகிரி டிரைவரை விடமாட்டேன் என்பவர், 12 டிகிரியில் நாலு பந்து அடித்துப் பார்க்கட்டும். மெதுவாகச் சுழற்றுபவருக்கு உயரம்தான் தூரம். மூன்றாம், நான்காம் நம்பர் அயர்ன்களைத் தயங்காமல் வெளியே எடுத்துவிடலாம். அடிப்பாகம் அகன்று எடை கீழே தங்கியிருக்கும் ஹைபிரிட், அல்லது ஏழாம் நம்பர் வுட், அதே வேலையைப் பாதி சிரமத்தில் செய்யும். எஃகு ஷாஃப்டுக்குப் பதில் கிராஃபைட் போட்டால் ஒரு மட்டைக்கு நாற்பது, ஐம்பது கிராம் குறையும், முழங்கைக்கும் கட்டைவிரல் மூட்டுக்கும் ஏறும் அதிர்வும் குறையும். மூட்டுவாதம் உள்ளவர்களுக்குத் தடித்த கிரிப் உதவும். மென்மையான பந்து தூரம் கூட்டும் என்பதை மட்டும் நம்ப வேண்டாம். அது கைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் பணம் வேண்டும். காசே செலவில்லாத மாற்றம் ஒன்று உண்டு. அதைத்தான் ஆண்கள் கடைசியில் செய்கிறார்கள், பலர் செய்வதே இல்லை. ஒவ்வொரு குழிக்கும் முதல் ஷாட் அடிக்கும் டீ ஒரே இடத்தில் இல்லை. முன்னும் பின்னுமாக நாலைந்து இடங்களில் நிறம் வைத்துக் குறித்திருப்பார்கள். 200 கஜம் அடிக்கும் ஒருவர் நாலு ஷாட்டில் முடிக்க வேண்டிய 400 கஜ பார்-4 குழியைப் பின் டீயிலிருந்து ஆடினால், அருமையான முதல் ஷாட்டுக்குப் பிறகும் 200 கஜம் மிச்சம். அது அவருடைய டிரைவர் தூரம். தரையில் கிடக்கும் பந்தை ஃபேர்வே வுட்டால் எவ்வளவு நன்றாக அடித்தாலும் இரண்டாவது ஷாட்டில் கிரீனுக்குப் போக முடியாது. ஐம்பது கஜம் முன்னே நின்றால் 150 மிச்சம். எந்த மட்டை, மணற்குழிக்கு எந்தப் பக்கம் என்று அவர் மறுபடி யோசிக்கத் தொடங்குவார். கோல்ஃப் என்பதே அந்த யோசனைதான்.

மட்டை நிறுவனம் நடத்திய பார்னி ஆடம்ஸ் இப்படி முன்னே நின்று ஆடுவதை வற்புறுத்தினார். 2011இல் அமெரிக்க பிஜிஏவும் யுஎஸ்ஜிஏவும் சேர்ந்து இதை ஓர் இயக்கமாகவே நடத்தின. டிரைவர் 200 கஜம் போகிறவருக்கு மொத்த மைதானம் 5,200 முதல் 5,400 கஜம் போதும் என்பது அவர்கள் தந்த கணக்கு. அந்த அளவு ஆட்டக்காரர்கள் 6,500 கஜத்தில் மூச்சு வாங்க நடந்துகொண்டிருக்கிறார்கள். முன்னே போனால் ஹேண்டிகேப், அதாவது ஆட்டத்திறனைக் காட்டும் எண், கெடும் என்ற சாக்கும் செல்லாது. 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் ஒவ்வொரு டீக்கும் தனி மதிப்பீடு உண்டு. தாத்தாவும் பேரனும் வேறு வேறு டீயிலிருந்து நேர்மையாகப் போட்டி போடலாம். முன்னாலிருக்கும் சிவப்பு டீ பெண்களுடையது என்ற பழக்கம்தான் பலரைத் தடுக்கிறது. ஒரு நிறத்துக்கு அஞ்சி, நேசிக்கும் ஆட்டத்தையே தண்டனையாக்கிக்கொள்வதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

தூரத்தைப் பற்றியே பேசுகிறோம். பார் 72 என்ற கணக்கில் 36 ஷாட், சரிபாதி, கிரீனில் பட்டரால் தள்ளுவதற்கானவை. 2009இல் ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில் நடந்த ஓப்பனில், இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து ஓராண்டுகூட ஆகாத டாம் வாட்சன், 59 வயதில், கடைசிக் குழிக்கு ஒரு ஷாட் முன்னிலையில் வந்தார். அவருடைய இரண்டாவது ஷாட் கிரீனைத் தாண்டி ஓடியது. அங்கிருந்து பட்டரால் தள்ளியது குழியைக் கடந்தது, திரும்பத் தள்ளியது உள்ளே விழவில்லை. பிளே-ஆஃபில் ஸ்டூவர்ட் சிங்க் வென்றார். வாட்சனைக் கைவிட்டது தூரம் அல்ல.

குட்டிப் பட்டிங்கில் மணிக்கட்டு தானாக வெட்டி இழுக்கும் ‘யிப்ஸ்’ கோளாறு ஸ்னீடையும் பிடித்தது. பந்தின் பாதைக்கு இருபுறமும் கால் வைத்துத் தள்ளிப் பார்த்தார். 1968இல் அது தடைசெய்யப்பட்டது. உடனே இரு கால்களையும் ஒரே பக்கம் வைத்து, குழியை நேராகப் பார்த்துத் தள்ளக் கற்றுக்கொண்டார். 62 வயதில், 1974 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். பெர்ன்ஹார்டு லாங்கருக்கும் அதே கோளாறு. நீளப் பட்டரை நெஞ்சில் ஊன்றி ஆடுவது 2016இல் தடையானதும், மேல்கையை நெஞ்சில் படாமல் விலக்கிப் பிடித்து அதே பட்டரைத் தொடர்ந்தார். 2023இல் அதைக் கொண்டுதான் அமெரிக்க சீனியர் ஓப்பனை வென்றார், 65 வயதில்.