ரிக் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

2025 மார்ச்சில் ராமநாதபுரம் மாவட்டத்தில் எண்ணெய், எரிவாயு தேடி 20 சோதனைக் கிணறுகள் தோண்டிப் பார்க்க ஓஎன்ஜிசி நிறுவனத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. சம்பந்தப்பட்ட ஊர்களில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கவில்லை. ஆகஸ்டில் செய்தி பரவி எதிர்ப்பு கிளம்பியதும், அனுமதியைத் திரும்பப் பெறும்படி அதை வழங்கிய மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு மாநில அரசு அறிவுறுத்தியது. நல்லது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் அந்த ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு விஷயம் தெரிந்திருக்கும்?

கூட்டம் நடத்தாமல் விட்டது விதிமீறல் அல்ல என்பதுதான் இதில் கசப்பான செய்தி. 2020 ஜனவரி 16 அன்று மத்திய அரசு தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைத் திருத்தியது. அதுவரை ‘ஏ’ பிரிவில் இருந்த எண்ணெய், எரிவாயுத் தேடல் பணிகள் ‘பி2’ பிரிவுக்கு இறக்கப்பட்டன. அந்தப் பிரிவுக்கு விரிவான ஆய்வறிக்கையும் வேண்டாம், மக்கள் கருத்தும் வேண்டாம். எண்ணெய் கிடைத்து உற்பத்திக்குப் போகும்போதுதான் கருத்துக்கேட்பு. கோடிக்கணக்கில் செலவழித்துக் கிணறு தோண்டிய பிறகு, ‘வேண்டாம்’ என்று ஊர் சொன்னால் யார் காது கொடுப்பார்கள்?

‘எங்களுக்குத்தான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் வரைபடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. நெடுவாசல், கதிராமங்கலம் ஊர்களில் எண்ணெய், எரிவாயுப் பணிகளை எதிர்த்து நடந்த போராட்டங்களுக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் வந்த அந்தச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதிகளையும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் குறிப்பிட்ட சில ஒன்றியங்களையும் மட்டுமே காக்கிறது. ராமநாதபுரம் அதில் இல்லை. மண்டலத்துக்குள்ளும், சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை. டெல்டாவில் பழைய கிணறுகளும் குழாய்களும் இன்றும் ஓடுவது அதனால்தான்.

ஆபத்து என்ன என்பதை மிகைப்படுத்தாமல் பேசுவோம். எண்ணெய்க் கிணறு எல்லாமே பாறையை நீரழுத்தத்தால் பிளக்கும் கிணறு அல்ல. எதிர்ப்பவர்கள் இரண்டையும் குழப்பும்போது வாதம் வலுவிழக்கிறது. சாதாரணக் கிணற்றுக்கே கவலைப்படப் போதிய காரணங்கள் உண்டு. குடிநீர் ஊற்றுகளைக் கடந்துதான் துளை கீழே இறங்குகிறது. இரும்புக் குழாயும் அதைச் சுற்றிய சிமென்ட் பூச்சும்தான் இடையில் தடுப்பு. பூச்சு பழுதானால் மேலே உடனே தெரியாது. எண்ணெயோடு மேலே வரும் உப்புநீரை எங்கே விடுகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று குழாயிலிருந்து எண்ணெய் வயலில் கசிந்தது. ஆட்சியர் வர வேண்டும் என்று கூடிய மக்களுக்குக் கிடைத்தது தடியடி. பெரிய விபத்துகள் அரிது, வந்தால் ஊரே காலி. ஆந்திரத்தின் பாசர்லபூடியில் 1995-ல் வெடித்த கிணறு இரண்டு மாதங்களுக்கு மேல் எரிந்தது. அசாமின் பாக்ஜானில் 2020 மே 27 அன்று வாயு பீறிட்டு, ஜூன் 9-ல் தீப்பற்றி, நவம்பரில்தான் அணைந்தது. தீயணைப்பு வீரர்கள் இருவர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கானோர் முகாம்களுக்குப் போனார்கள்.

இனி, கையில் இருக்கும் வழிகள். இவற்றில் பலவற்றுக்குக் கெடு உண்டு. அதைத் தவறவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற நிறுவனம் அதை உள்ளூர் நாளிதழ்களில், ஒன்றிலாவது தமிழில், விளம்பரப்படுத்த வேண்டும். நகலை உள்ளாட்சி அமைப்புகளுக்குக் கொடுக்க வேண்டும். அவை அதை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். உங்கள் ஊராட்சி அலுவலகப் பலகையில் கடைசியாக எதைப் படித்தீர்கள்? அனுமதியை எதிர்த்துத் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்யவும் 30 நாள்தான். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்கு மேல் கதவு மூடிவிடும். கசிவு போன்ற பாதிப்புக்கு இழப்பீடு கோர ஐந்தாண்டு அவகாசம் இருக்கிறது. அதற்குக் கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கை கைவசம் வேண்டும். தோண்டுவதற்கு முன்பே ஒருமுறை நீரைச் சோதித்து வைக்காதவர், ‘முன்பு நன்றாக இருந்தது’ என்பதை எதைக் காட்டி நிரூபிப்பார்?

குழாய் பதிப்பு வேறு சட்டம், 1962-ஆம் ஆண்டுடையது. அரசிதழ் அறிவிப்பு வந்தபின் ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் போகும் பட்டையில் கட்டடம் கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ முடியாது. அளவை செய்ய வருபவர் நீட்டும் தாளில் ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று எதுவும் கிடையாது. நகல் வாங்கிப் படித்துவிட்டுப் போடுங்கள்.

கிராம சபைத் தீர்மானம் தனியாக ஒரு திட்டத்தை நிறுத்திவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் தீர்ப்பாயத்திலும் அரசிடமும் அது எழுத்துச் சான்று. தேதி, சர்வே எண், வந்தவர்களின் கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கட்டும். உங்கள் பகுதியில் எந்த நிறுவனத்துக்கு என்ன உரிமம் இருக்கிறது என்பதை 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பங்களும் கூட்டக் குறிப்புகளும் ஏறுகின்றன. கணினி தெரிந்த பிள்ளை ஊருக்கு ஒருவராவது இருப்பார். மாதம் ஒருமுறை அதைப் பார்க்கும் வேலையை அவரிடம் ஒப்படையுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். மனுவை அவர்கள் பெயரிலேயே போடுங்கள்.