பாடசாலைக்கு வெளியே கற்கும் மன்னார் பிள்ளைகள்: வகுப்பையும் நூலையும் தெரிவு செய்வது எவ்வாறு?

2020 மார்ச் மாதத்தில் கொவிட்-19 காரணமாக நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வீட்டிலிருந்து கற்பது என்பது பலருக்குப் புதிய அனுபவமாக இருந்தது. மன்னார் மக்களுக்கோ அது முற்றிலும் புதிதன்று. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது மடு தேவாலய வளாகத்தில் தஞ்சமடைந்தவர்களும், படகேறித் தமிழகம் சென்றவர்களும், அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் அகதிகளாகக் குடியேறிய முஸ்லிம்களும் கொட்டில்களிலும் மரநிழலிலும் தம் பிள்ளைகளின் கல்வியைக் காப்பாற்ற முயன்றார்கள். போர் 2009இல் முடிந்தது. 2010இல் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015இல் தலைமன்னாருக்கு மீண்டும் ரயில் வந்தது. எனினும், பாடசாலைக்கு வெளியே கற்கும் பிள்ளைகள் இன்றும் நம்மிடையே இருக்கவே செய்கின்றனர்.

சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் தவறி வீட்டில் இருப்பவர். உயர்தரத்தை இரண்டாம் முறை எழுத ஆயத்தமாகுபவர். அரபுக் கல்லூரியில் மார்க்கக் கல்வி பெற்றுக்கொண்டே பொதுப் பரீட்சைக்கும் தோற்ற விரும்புபவர். தமிழகத்தில் படித்துத் திரும்பியவர். நோயாளியான தாயைப் பராமரிப்பதற்காகப் படிப்பை நிறுத்திய பெண்பிள்ளை. தந்தையோடு கடலுக்குச் செல்லத் தொடங்கிவிட்ட இளைஞன் எனப் பலர் இதில் அடங்குவர். பரீட்சைத் திணைக்களம் இவர்களைத் தனிப்பட்ட பரீட்சார்த்திகள் என்று அழைக்கிறது. அதிபரோ வகுப்பாசிரியரோ இவர்களுக்கு இல்லை. எந்த வகுப்புக்குச் செல்வது, எந்த நூலைப் படிப்பது, விண்ணப்பம் எப்போது முடிவடைகிறது என்பவை அனைத்தையும் குடும்பமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அத்தீர்மானம் தவறினால் இழப்பது பணம் மட்டுமன்று. ஒரு பிள்ளையின் ஓராண்டு, சில வேளைகளில் அவரது கடைசி வாய்ப்பு.

சட்டம் கூறுவது என்ன?

இலங்கையில் 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கும் ஒழுங்குவிதிகள் 1997இல் பிரசுரிக்கப்பட்டன. 2016இல் மேல் எல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. ஆகவே 16 வயதை எட்டாத பிள்ளை வீட்டில் இருக்குமாயின், பெற்றோர் முதலில் நாட வேண்டியது ரியூட்டரியை அன்று. மன்னார் அல்லது மடு வலயக் கல்வி அலுவலகத்தையே. இடையில் நின்ற பிள்ளையை மீண்டும் பாடசாலையில் சேர்க்க வழி உண்டா என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும். எவ்வளவு சிறந்த தனியார் வகுப்பாயினும், இலவசப் பாடசாலை தரும் ஆய்வுகூடம், விளையாட்டு, நட்பு ஆகியவற்றுக்கு அது ஈடாகாது.

வகுப்புக்கு முன் வினாத்தாள்

பெரும்பாலான பெற்றோர் செய்யும் முதற்காரியம், அயலவர் பிள்ளை எங்கே செல்கிறதோ அங்கேயே தம் பிள்ளையையும் சேர்த்துவிடுவதாகும். ஆனால் வகுப்பைத் தேடுவதற்கு முன், அப்பிள்ளைக்கு எப்பாடத்தில் ஆசிரியர் தேவை என்பதை அறிந்துகொள்வதே முறை.

சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்கள் உண்டு. அவற்றுள் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் அனைவருக்கும் உரியவை. மீண்டும் தோற்றும் தனிப்பட்ட பரீட்சார்த்தி தமக்குத் தேவையான பாடங்களுக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். ஆகவே ஒன்பது பாடங்களுக்கும் கட்டணம் செலுத்தி வகுப்புக்கு அனுப்புவது அநாவசியம். சமய பாடத்தை எடுத்துக்கொண்டால், முஸ்லிம் பிள்ளைகளுக்கு அஹதிய்யாவும், கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பும், இந்துப் பிள்ளைகளுக்கு அறநெறிப் பாடசாலையும் ஊரிலேயே உள்ளன.

ஏனைய பாடங்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. கடந்தகால வினாத்தாள் ஒன்றைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, உரிய நேரத்துக்குள், யாருடைய உதவியுமின்றி எழுதச் செய்யுங்கள். பின்னர் தவறிய விடைகளை மூன்றாகப் பிரியுங்கள். பாடமே தெரியாததால் தவறியவை ஒருவகை. தெரிந்தும் நேரம் போதாமையால் விடப்பட்டவை இரண்டாவது வகை. வினாவைச் சரியாக விளங்கிக்கொள்ளாமையால் தவறியவை மூன்றாவது வகை. முதல் வகை அதிகமாயின் ஆசிரியர் அவசியம். இரண்டாவது வகைக்குத் தேவை பயிற்சி மட்டுமே. மூன்றாவது வகை பெரும்பாலும் மொழிக் குறைபாடு. அப்பிள்ளைக்கு விஞ்ஞான வகுப்பைவிட நாள்தோறும் ஒருமணி நேர வாசிப்பே பயன் தரும்.

நல்ல வகுப்பின் அடையாளம்

ஒரு வகுப்பின் தரத்தைச் சுவரொட்டியிலுள்ள பெறுபேறுகளைக் கொண்டு மட்டும் அளவிட முடியாது. அங்கு படித்துத் தவறியவர்களின் தொகையைச் சுவரொட்டி கூறுவதில்லை. சேர்ப்பதற்கு முன் ஆசிரியரிடம் சில கேள்விகளைத் தயங்காது கேட்கலாம். பிள்ளை எழுதும் விடைகளை அவர் திருத்திக் கொடுப்பாரா? வகுப்பில் எத்தனை பேர்? இடையில் சேரும் பிள்ளைக்கு விடுபட்ட அலகுகளை எவ்வாறு ஈடுசெய்வார்? புதிய பாடத்திட்டத்துக்கு அமையக் கற்பிக்கிறாரா? இவற்றுள் முதலாவது கேள்வியே முதன்மையானது. பாடசாலை மாணவனுக்குத் தவணைப் பரீட்சை உண்டு. வீட்டிலிருந்து கற்பவனுக்கோ தன் விடைத்தாளைப் பிறர் திருத்திப் பார்க்கும் வாய்ப்பு இந்த வகுப்பில் மட்டுமே கிடைக்கிறது. குறிப்புகளை வாசித்து எழுதுவிப்பதோடு நின்றுவிடும் வகுப்பு இவனுக்குப் பயன்படாது. குறிப்புகள் நூலிலேயே உள்ளன.

ஒரு மாதம் சென்றபின், முதலில் தவறிய அதே வினாக்களை மீண்டும் கொடுத்துப் பாருங்கள். முன்னேற்றம் இல்லையெனில், அவ்வகுப்பைத் தொடர்வதா என்று பிள்ளையோடு அமர்ந்து பேச வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளையின் விருப்பத்தைக் கேளாமல் தெரிவு செய்யப்படும் வகுப்பு நீடிப்பதில்லை.

கடல் வருமானம் மாதாமாதம் ஒரே அளவில் வருவதன்று. சோளகக் காற்றில் தொழில் குன்றும் காலத்திலும் வகுப்புக் கட்டணம் குன்றுவதில்லை. தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். முசலிப் பக்கத்திலிருந்து வருவோருக்குப் பயணம் இன்னும் கடினம். பஸ் கட்டணத்தையும் களைப்பையும் கணக்கிட்டால், நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆசிரியரைத் தம் கிராமத்துக்கே அழைப்பது மலிவானதாக அமையலாம். பேசாலையிலோ தாராபுரத்திலோ தேவாலய மண்டபமும் பள்ளிவாசல் வளாகமும் இதற்கு இடமளிக்குமாயின் அது பெருந்தொண்டாகும்.

பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை, தூரமும் இருள் சூழும் நேரமுமே பல வீடுகளில் படிப்பை நிறுத்துகின்றன. பிள்ளையை நிறுத்துவதற்குப் பதிலாக வகுப்பின் நேரத்தை மாற்றும்படி பெற்றோர் ஒன்றுகூடிக் கேட்க வேண்டும். மஃரிபுக்கு முன் முடியும் வகுப்பும், ஞாயிறு திருப்பலிக்குப் பின் தொடங்கும் வகுப்பும் சாத்தியமானவையே. வகுப்பு நடைபெறும் இடம் பிறர் பார்வைக்குத் திறந்ததாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பு கூடாது. ஆண்பிள்ளைக்கும் இது பொருந்தும். பிள்ளைக்குத் தீங்கு நேர்வதாக ஐயம் எழுந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம்.

இலவசமாகக் கிடைப்பவை

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் அதன் இணையத்தளத்தில் தமிழிலேயே கிடைக்கின்றன. தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளைப் பெற்றோர் பலர் பார்த்ததே இல்லை. ஒவ்வோர் அலகிலும் பிள்ளை எத்தேர்ச்சியை அடைய வேண்டும், அதற்கு எத்தனை பாடவேளைகள் தேவை என்பவற்றை அவை வரிசையாகக் கூறுகின்றன. வீட்டில் நேரசூசி அமைப்பதற்கு இதைவிடச் சிறந்த துணை இல்லை. பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கைகள், மாணவர்கள் எவ்வினாவில், எக்காரணத்தால் புள்ளிகளை இழந்தார்கள் என்பதை எடுத்துரைக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் மூன்று மொழிகளில் பாடங்களைத் தருகிறது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் வாசிப்புக்குத் திறந்துள்ளன. ஒரு கைத்தொலைபேசியை வீட்டார் அனைவரும் பகிரும் நிலையில், தேவையான பக்கங்களை ஒருமுறை தரவிறக்கி அச்சிட்டுக்கொள்வது நன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. தமிழகத்துக் காணொளிப் பாடங்கள் ஏராளமாகவும் தெளிவாகவும் உள்ளன; நம் பிள்ளைகளும் அவற்றை விரும்பிப் பார்க்கின்றனர். ஆனால் கலைச்சொற்கள் வேறு. நாம் ஆர்முடுகல் என்பதை அங்கே முடுக்கம் என்பர். அமுக்கம் அங்கே அழுத்தம். ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை. கலம் அங்கே செல். நுணுக்குக்காட்டி அங்கே நுண்ணோக்கி. பாடம் நன்கு விளங்கிய பிள்ளையும் பரீட்சை மண்டபத்தில் அறிமுகமற்ற சொல்லைக் கண்டு திகைக்க நேரிடலாம். இரு பத்தி கொண்ட கொப்பி ஒன்றில் இச்சொற்களை எழுதிவந்தால் இவ்விடர் நீங்கும். தமிழகத்தில் படித்துத் திரும்பிய பிள்ளைகளுக்கு இது முதல் வாரத்திலேயே செய்யப்பட வேண்டியதாகும். அவர்கள் கொண்டுவந்த சான்றிதழ்கள் இங்கு எவ்வாறு மதிக்கப்படும் என்பதையும் எழுத்து மூலம் கேட்டறிவது நல்லது.

பரீட்சை மட்டுமே பாதையன்று

எல்லாப் பிள்ளைகளையும் உயர்தரத்துக்கே தள்ள வேண்டியதில்லை. தேசிய தொழிற்றகைமைச் சட்டகம் ஏழு மட்டங்களைக் கொண்டது. அதன் உச்சம் பட்டத்துக்குச் சமமானது. வேலை செய்து பெற்ற திறனையும் முன்கற்றலாக மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு அதில் உண்டு. வெளியிணைப்பு இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த இளைஞன் தன் கைத்திறனுக்கு ஒரு சான்றிதழ் பெற முடியுமா என்பதை விசாரிக்காமலேயே, அவனைப் படிப்பு ஏறாதவன் என்று ஒதுக்குவது அநீதி. பயிற்சி நெறியில் சேர்வதற்கு முன், அதற்கு இத்தகைமை உண்டா என்று கேட்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும். தகைமை இல்லாத நெறிகளுக்குப் பெருந்தொகை செலுத்தி ஏமாறுவோர் உளர்.

பல்கலைக்கழகத்தை நாடுவோர் மற்றொன்றையும் கவனத்தில் கொள்ள வேண்டும். அனுமதிக்காக மூன்று தடவைத் தோற்றல்களே கணக்கில் எடுக்கப்படுகின்றன. போதிய ஆயத்தமின்றி எழுதினால் ஒரு வாய்ப்பு வீணாகிறது. மன்னாரிலும் புத்தளத்திலுமாகப் பிரிந்து வாழும் குடும்பங்கள், நல்ல வகுப்பைத் தேடிப் பிள்ளையை மாவட்டம் மாற்றுவதற்கு முன், மாவட்ட ஒதுக்கீட்டில் அதன் விளைவு என்ன என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் பார்த்துக்கொள்வது அவசியம்.

இவை யாவும் ஒவ்வொரு குடும்பமும் தனித்துச் சுமக்க வேண்டிய பாரமன்று. பரீட்சை விண்ணப்ப அறிவித்தலை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னும் ஞாயிறு திருப்பலிக்குப் பின்னும் வாசிப்பதற்குச் செலவேதும் இல்லை. பொது நூலகங்களில் கடந்தகால வினாத்தாள்களையும் ஆசிரியர் வழிகாட்டிகளையும் ஓர் அலுமாரியில் வைக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாரத்தில் இரண்டு மணி நேரம் விடைத்தாள் திருத்த முன்வரலாம். கணித வினாவில் தமிழ்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் வேறுபாடில்லை. ஒரே மேசையில் அவர்கள் அமர்வதற்கும் தடையில்லை. ஊர்ச் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பங்குச் சபைகளும் தம் பகுதியில் பாடசாலைக்கு வெளியே கற்கும் பிள்ளைகள் யார் என்பதை இவ்வாண்டிலேயே கண்டறிந்து, அடுத்த பரீட்சைக்கு முன் அவர்களுக்குக் கைகொடுக்க முன்வர வேண்டும்.