பந்து எடுத்துப் போடவா, பந்து ஆடவா?

வடசென்னையில் ஒரு மாநகராட்சி விளையாட்டுத் திடல். காலை ஆறு மணி. உள்ளே முப்பது பிள்ளைகள் பந்தோடு ஓடிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டுக்கு வெளியே, எட்டு வயது மகளின் கையைப் பிடித்தபடி ஒரு தாய் நிற்கிறார். ஏழு மணிக்கு அவர் வீட்டு வேலைக்குப் போக வேண்டும். வந்து அரை மணி நேரம் ஆகியும் உள்ளே நுழையவில்லை.

"ஏன் அக்கா இங்கேயே நிக்கிறீங்க?" என்று கேட்டோம்.

"உள்ள போனா இன்னா கேப்பாங்களோன்னு இருக்குது சார். பீஸ் கேப்பாங்க, பூட்ஸ் கேப்பாங்க. எந்த ஏரியான்னு கேப்பாங்க" என்றார்.

அந்தக் கடைசிக் கேள்விதான் அவரை வாசலிலேயே நிறுத்தியிருந்தது. கட்டணத்துக்குக் கடன் வாங்கலாம். 'எந்த ஏரியா' என்பதற்குள் ஒளிந்திருக்கும் கேள்விக்கு என்ன செய்வது?

இந்தத் தயக்கம் நமக்குப் புதிதல்ல. நாம் படித்த ஊரிலும் ஒரு கால்பந்துக் குழு இருந்தது. காலனிப் பையன்களான எங்களுக்கும் அதில் இடம் உண்டு. கோல் போஸ்ட்டுக்குப் பின்னால். வெளியே போகும் பந்தை எடுத்துப் போட வேண்டும். முள்ளுக்குள் விழுந்தாலும் எடுக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் எடுத்துப் போட்டோம். ஒரு நாள்கூட ஜெர்சி தரவில்லை. யாரும் திட்டவில்லை, விரட்டவும் இல்லை. அதனாலேயே அது அநீதி என்று புரிய வெகுநாள் ஆயிற்று.

எனவே பிள்ளையைக் கிளப்பில் சேர்க்கும் பெற்றோருக்கு நாம் சொல்வது இதுதான்: சேர்த்துக்கொண்டார்களா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆட விடுகிறார்களா என்று பாருங்கள்.

முதலில், திடல் யாருடையது என்பதில் தெளிவு வேண்டும். அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் பொது இடங்களைப் பயன்படுத்த, சாதியைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு. கிணறு, குளம், சாலையோடு பொது இடங்களையும் அது சேர்த்தே சொல்கிறது. மாநகராட்சித் திடலும் ஊராட்சித் திடலும் அதில் அடங்கும். அங்கே நம் பிள்ளை கால் வைப்பது யாரும் போடும் பிச்சை அல்ல. பலர் பார்க்கச் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினால், 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

வடசென்னைக்குக் கால்பந்து அந்நியமும் அல்ல. வியாசர்பாடியில் உமாபதி, தங்கராஜ் ஆகியோர் தொடங்கிய ஸ்டெட்ஸ் அமைப்பு, குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பந்தையும் படிப்பையும் சேர்த்தே கொடுத்துவருகிறது. நாக்பூரில் 2001-ல் விஜய் பார்சே இப்படித்தான் சேரிப் பிள்ளைகளைத் திரட்டினார். அந்தக் கதையைத்தான் நாகராஜ் மஞ்சுளே 2022-ல் 'ஜுண்ட்' என்ற இந்திப் படமாக எடுத்தார். சேரிக்கும் கல்லூரித் திடலுக்கும் நடுவே நிற்கும் மதில் சுவர், அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். நம் பிள்ளைகளுக்கு அந்தச் சுவர் பல நேரம் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது.

சேர்க்கும் முன் கையில் வைத்திருக்க வேண்டியவை அதிகமில்லை: பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், புகைப்படங்கள். வயதுப் பிரிவுப் போட்டிகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் முக்கியம். நம் வீடுகளில் பல சான்றிதழ்களில் பிள்ளையின் பெயரே இருக்காது. பிறப்பைப் பதிந்த 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கலாம். போட்டிக்கு முந்தைய நாள் அலையாமல் இன்றே செய்துவிடுங்கள்.

பூட்ஸ் இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம். தொடக்கத்தில் சாதாரண கேன்வாஸ் ஷூ போதும். போட்டிக்கு வரும்போது முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் கார்டு கட்டாயம். அது இல்லாமல் நடுவர் களத்தில் இறக்க மாட்டார். பந்து வாங்குவதாக இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கு 4-ம் எண் பந்து. பெரியவர்கள் ஆடும் 5-ம் எண் பந்து சிறு கால்களுக்குப் பாரம். 'வளர்ற புள்ள' என்று இரண்டு சைஸ் பெரிய பூட்ஸ் வாங்காதீர்கள், கணுக்கால் பிசகும்.

சேர்க்கும் நாளில் பயிற்சியாளரிடம் தயங்காமல் கேளுங்கள். கட்டணத்தில் சலுகை உண்டா? போட்டிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆட வாய்ப்பு தருவீர்களா? பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறையும் உடை மாற்ற இடமும் இருக்கிறதா? ஒரு குறை என்றால் யாரிடம் சொல்வது?

பிறகு ஒரு மாதம் கவனியுங்கள். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, ஏரியா பெயர் சொல்லியா? எல்லோரும் குடிக்கும் கேனில்தான் தண்ணீர் குடிக்கிறதா? பந்து மூட்டையை முறைவைத்துத் தூக்குகிறார்களா, தினமும் நம் பிள்ளைதான் தூக்குகிறதா? வீட்டுக்கு வந்ததும் 'ஜெயிச்சியா?' என்று கேட்பதற்கு முன் 'எவ்ளோ நேரம் ஆடுன?' என்று கேளுங்கள். முடிந்தால் அதே தெருவிலிருந்து இரண்டு மூன்று பிள்ளைகளைச் சேர்த்தே அனுப்புங்கள். தனியாக நிற்கும் பிள்ளையைத்தான் ஓரத்துக்குத் தள்ளுவது எளிது.

பெண் பிள்ளைக்கு எதற்குக் கால்பந்து என்பவர்களுக்கு ஒரு தகவல். தேசிய சீனியர் மகளிர் கால்பந்துப் பட்டத்தைத் தமிழ்நாடு 2018-லும் 2023-லும் வென்றது. இந்திய அணிக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில், ஏழாம் வகுப்பு முதல் தேர்வுபெறும் மாணவ, மாணவியருக்குத் தங்குமிடமும் உணவும் பயிற்சியும் கிடைக்கின்றன. அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. எல்லாப் பிள்ளைகளும் அந்த இடத்தை எட்டிவிட மாட்டார்கள். ஆனால் களத்தில் நின்று 'இங்க பாஸ் குடு' என்று உரக்கக் கேட்கப் பழகிய பிள்ளை, வகுப்பறையிலும் வாய் திறக்கும்.

அன்று அந்தத் தாயோடு நாமும் உள்ளே போனோம். விசிலைக் கழுத்தில் மாட்டியிருந்த இளைஞர் குனிந்து சிறுமியிடம் கேட்டது ஒன்றுதான்: "உன் பேர் என்னம்மா?" சொன்னாள். "போ, அந்த வரிசைல நில்லு" என்றார். பின்பு தாயிடம் திரும்பி, "ஷூ அடுத்த மாசம் பாத்துக்கலாம் அக்கா" என்றார்.

சிறுமி முதலில் உதைத்த பந்து கோணலாகப் போய் வேலியில் விழுந்தது. பழக்கமில்லாத பிள்ளை, தானே ஓடி எடுக்கப் பார்த்தாள். "நீ நில்லு, இது என் முறை" என்று வேறொரு பிள்ளை ஓடியது. தாய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்று அவர் வேலைக்குப் பத்து நிமிடம் தாமதமாகத்தான் போயிருப்பார்.

நாளைக் காலையிலும் ஏதோ ஒரு கேட்டுக்கு வெளியே ஒரு தாயோ தந்தையோ நிற்கக்கூடும். அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் இருப்பது ஒன்றுதான்: உள்ளே வாருங்கள், இது நம் திடலும்தான்.