கச்சான் வீசும் மாதத்தில் யாரைச் சந்திப்பது?

ஊவாத் தேயிலைக்கு ஆண்டில் ஒரு பருவம்தான். ஜூலையில் கச்சான் காற்று மலை இடுக்குகளில் இறங்கினால் செப்டம்பர் வரை கொழுந்தை வாட்டி எடுக்கும். செடி தண்ணீருக்குத் தவிக்கிற அந்தச் சில வாரங்களில்தான் இலைக்குள் மெத்தில் சாலிசிலேட் போன்ற வாசனைப் பொருட்கள் கூடுகின்றன. கோப்பையிலிருந்து மெந்தோலை நினைவூட்டும் குளிர்ந்த மணம் எழுகிறது. ஹாலிஎல, பசறை, நமுனுகுல பக்கத்துத் தேயிலைக்கு வெளிநாட்டில் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த மணம். ஆகவே ஊவாத் தேயிலையை விற்றுக் கொடுக்கும் தரகரும், சொந்தப் பெயரில் பெட்டி கட்டி ஏற்றுமதி செய்யப் பார்க்கும் சிறு பெக்டரிக்காரரும் எந்த வர்த்தகச் சந்திப்புக்குப் போகலாம் என்று யோசிக்கும்போது, முதலில் நாட்காட்டியைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். கூட்டத்தின் அளவு அதற்குப் பிறகு வரட்டும்.

இப்போது நடப்பது அநேகமாக நேர்மாறு. டுபாயில் ஆண்டுத் தொடக்கத்தில் கூடும் கல்ஃபூட் கண்காட்சி மிகப் பெரியது. எல்லோரும் போகிறார்கள், நாமும் போகாவிட்டால் பின்தங்கிவிடுவோம் என்ற பயத்தில் கடன்பட்டாவது ஸ்டால் எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் கையில் இருப்பது ஐந்து மாதத்துக்கு முந்திய பருவத் தேயிலை, அல்லது மழைக்காலத்துச் சாதாரண இலை. அதைவிட முக்கியமான விஷயம், அங்கே வரும் மத்திய கிழக்கு வியாபாரிகளில் பெரும்பாலோர் தேடுவது தாழ்நிலத் தேயிலையை; கறுத்து முறுகிய இலையும் கடுஞ்சாயமும் அவர்களுக்கு வேண்டும். ஊவாவின் பருவத் தேயிலைக்காகக் காத்திருந்து வாங்குகிறவர்கள் ஜப்பானிலும் ஜேர்மனியிலும் இருக்கிறார்கள். ஜேர்மனியின் கொலோன் நகரில் இரண்டாண்டுக்கு ஒருமுறை அனூகா கண்காட்சி அக்டோபரில் நடக்கிறது. அது இல்லாத ஆண்டில் அதே மாதம் பாரிஸில் சியால். கச்சான் ஓய்ந்து சில வாரங்களே ஆன தேயிலையோடு போய் நிற்கலாம். டுபாயில் புது முகங்கள் அறிமுகமாகும், அந்த அறிமுகம் என்றைக்காவது உதவும் என்பார்கள். உதவலாம். ஆனால் நமது தேயிலையைக் குடிக்காத ஒருவருடைய விசிட்டிங் கார்டுக்காகச் சிறு பெக்டரியின் ஓராண்டு விளம்பரப் பணத்தைக் கொட்ட முடியாது.

1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு இலங்கைத் தோட்டக்காரர்கள் போனபோது தேநீரை ஊற்றிக் கொடுத்தார்கள். அங்கே 10 இலட்சம் தேயிலைப் பொட்டலங்கள் விற்றதாக இலங்கைத் தேயிலை வரலாற்றில் இன்றும் பெருமையோடு சொல்லப்படுகிறது. தேயிலை விற்கிற இடம் கோப்பை. கொழும்புத் தரகர்களின் ருசி பார்க்கும் அறையில் அது தெளிவாகத் தெரியும். நீள மேசையில் வெள்ளைப் பீங்கான் குவளைகள். நிறுத்துப் போட்ட இலை, கொதிநீர், சில நிமிடம் மூடி. சாயத்தைக் கிண்ணத்தில் வடித்து, ஊறிய இலையை மூடியின் மேல் கவிழ்த்து வைப்பார்கள். நல்ல பருவத்து இலை புதுச் செப்புக் காசுபோல மின்னும். ஒரு கரண்டி சாயத்தைச் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் புரட்டித் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார்கள். அந்தச் சில விநாடிகளில் விலை ஏறத்தாழ முடிவாகிவிடும். ஏலம் இருக்கும்போது சந்திப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் இதில் இருக்கிறது. 1883-இல் கொழும்பில் தொடங்கிய ஏலம் 2020-இல் கணினிக்கு மாறியது. வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த நாட்கள் போய்விட்டன. திரையில் தெரிவது தொகுதி எண், விலை போன்ற விவரங்கள்தான். அதனால் கோப்பையோடு நடக்கும் சந்திப்பின் மதிப்பு முன்பைவிடக் கூடியிருக்கிறது.

அந்தக் கோப்பைக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்பதுதான் இதையெல்லாம்விடப் பெரிய கவலை. ஸ்டால் சுவரில் கூடையோடு சிரிக்கும் கொழுந்துக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவருடைய ஊரிலிருந்து பேச ஒருவரும் இருக்கமாட்டார். பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு உண்டு. தேயிலையைப் படிப்பது இங்கே, தேயிலையை விற்கிறவர்கள் கூடுவது கொழும்பில். பதுளையிலிருந்து ரயிலில் 292 கிலோமீட்டர், ஏறக்குறைய பத்து மணி நேரம்; அதன்மேல் தங்கும் செலவு, நுழைவுக் கட்டணம், ஆங்கிலத்தில் பேசவேண்டிய தயக்கம். லயத்துப் பிள்ளை பட்டம் வாங்கினாலும் இந்தக் கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறது. கச்சான் எந்த வாரம் இறங்கியது, எந்த மலைக் கொழுந்து எப்படி வாடியது என்று வாங்குகிறவரிடம் சொல்லக்கூடிய பிள்ளை அது. ஒரு சந்திப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன், நமது பக்கத்திலிருந்து யாரை அனுப்பப்போகிறோம் என்ற கேள்விக்கு விடை இருக்க வேண்டும்.

வாங்குகிறவர்கள் மலைக்கு வரமாட்டார்கள் என்பது பழைய பேச்சு. ஆகஸ்டில் ரயிலேறி எல்லவுக்கு வருகிற வெளிநாட்டார் கூட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அதே தண்டவாளம்தான் தெமோதரையைச் சுற்றி ஹாலிஎல வழியாகப் பதுளையில் முடிகிறது. தரகர்களும் சிறு பெக்டரிக்காரர்களும் சேர்ந்து ஒரு வெளிநாட்டு ஸ்டாலின் செலவை மிச்சம் பிடித்தால், பருவத்தின் நடுவில் பதுளையில் இரண்டு நாள் மேசை போடலாம். முதல் நாள் காலையில் பெக்டரியில் இலை வாடுவதைக் காட்டி, மறுநாள் அதே இலையின் சாயத்தைக் கிண்ணத்தில் வைக்கலாம். கெட்டிலைப் பிடித்து ஊற்றுவதும், அந்த இலை எந்த மலையில் பறித்தது என்று சொல்வதும் அந்த லயத்துப் பிள்ளைகளாக இருக்கட்டும்.