மூன்று கடல் தாண்டிய நாட்டியப் பேரொளி

காந்தலூரில் எங்கள் வீட்டில் எல்லோருமாகப் பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தோம். தொலைக்காட்சியில் ‘தில்லானா மோகனாம்பாள்’. மலையாளப் பள்ளியில் படிக்கும் பேத்தி, “தாத்தா, பத்மினி நம்ம ஆளா, அவங்க ஆளா?” என்று கேட்டாள். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பத்மினி 1932-இல் திருவனந்தபுரம் பூஜப்புரையில் பிறந்தவர். தாய்மொழி மலையாளம். குரு கோபிநாத்திடம் நடனம் பயின்றார். பரதத்தைத் திருவிடைமருதூர் மகாலிங்கம் பிள்ளையிடம் கற்றார். லலிதா, பத்மினி, ராகினி மூவரும் ‘திருவாங்கூர் சகோதரிகள்’ எனப் பெயர் பெற்றனர். 1951-இல் கலைவாணர் இயக்கிய ‘மணமகள்’ அவரைத் தமிழில் கதாநாயகி ஆக்கியது.

அடுத்த சில ஆண்டுகளில் சோவியத் படமும் வந்தது. 15-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்து பயணக் குறிப்பு எழுதிய ருஷ்ய வணிகர் அபனாசி நிகிதின். அவர் கதையை மாஸ்கோவின் மோஸ்ஃபிலிமும், கே.ஏ. அப்பாஸின் நயா சன்சார் நிறுவனமும் கூட்டாகத் தயாரித்தன. அப்பாஸும் வசீலி புரோனினும் இயக்கினர். நிகிதினாக ஒலெக் ஸ்திரிஷெனோவ், சம்பாவாக நர்கிஸ், ஆடலரசி லட்சுமியாக நம் பத்மினி! ருஷ்யனில் ‘மூன்று கடல்களுக்கு அப்பால்’ என்ற பொருளில் பெயர்; 1957-இல் வந்த இந்திப் பதிப்புக்குப் ‘பர்தேசி’. 1958-இல் கான் திரைப்பட விழாப் போட்டியிலும் இடம்பெற்றது. இரு பதிப்புக்கும் வசனம் வேறு. பத்மினியின் ஆட்டத்துக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

நம் பக்கம் பரதேசி என்றால் வசவு. இந்தியில் அயல்நாட்டான் என்றே பொருள். பத்மினியும் பிறகு அயல்நாட்டுக்காரர் ஆனார். 1961-இல் மருத்துவர் ஒருவரை மணந்து அமெரிக்கா சென்றார். ஆனாலும் 1968-இல் மோகனாவாக வந்து நின்றார். 1977-இல் நியூஜெர்சியில் நடனப்பள்ளி தொடங்கி, அங்கு பிறந்த நம் பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுத்தார். 1985-இல் ‘பூவே பூச்சூடவா’ பாட்டியாகத் தமிழர் மனத்தில் மீண்டும் இடம்பிடித்தார். 2006 செப்டம்பர் 24-இல் சென்னையில் காலமானார்.

“அவங்க பிறந்தது மலையாளத்துல, கண்ணு. தமிழும் பரதமும் பாடுபட்டுப் படிச்சதால அதுவும் அவங்களோடது ஆச்சு. நீ மலையாளத்தை நல்லாப் படி. வீட்டுத் தமிழையும் எழுதப் படிக்கக் கத்துக்க. கத்துக்காட்டா அது உனக்கு அயல்மொழி ஆயிடும்” என்றேன்.

அன்றைக்கே ஒரு தாளில் ‘பத்மிணி’ என்று எழுதிக் காட்டினாள். மூன்று சுழியை அடித்து இரண்டு சுழி போட்டுக் கொடுத்தேன்.