வைத்தியரின் சிகரெட்டும் தாதியின் சிகரெட்டும்

புகைத்தலைத் தனிமனித ஒழுக்கக் குறைபாடாகக் காண்பது நம்மத்தியில் வேரூன்றிய நோக்கு. மருத்துவமனையிற் பணிபுரிவோர் புகைக்கும்போது கண்டனம் இரட்டிப்பாகிறது. தெரிந்தவரே தவறலாமா என்பர். அறிவு பெற்றவுடன் பழக்கம் மாறும் என்னும் எடுகோள் இதில் மறைந்துள்ளது. பிரித்தானிய அனுபவத்தைக் கொண்டு அதனைப் பரிசீலிப்போம்.

1951 ஒக்ரோபரில் றிச்சட் டொல், ஒஸ்ரின் பிராட்போட் ஹில் ஆகியோர் பிரித்தானிய வைத்தியர்களுக்கு அவர்தம் புகைத்தற் பழக்கம் பற்றிய சிறு வினாக்கொத்தொன்றை அனுப்பினர். 40,000 பேருக்கு மேல் விடையிறுத்தனர். (டொல் ஒருகாலத்திற் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராயிருந்தவர், அதனை ஆய்வின் பெறுமதிக்குச் சான்றாக்க நாம் முற்படவில்லை.) வைத்தியர் தெரிவுசெய்யப்பட்டமைக்கு நடைமுறைக் காரணமுண்டு: தொழிற்பதிவேட்டிற் பெயருள்ளோரைத் தொடர்ந்து கண்காணிப்பது எளிது. 1954ஆம் ஆண்டு அறிக்கையில் நுரையீரற் புற்றுநோயால் இறந்தோர் 36 பேரே. ஆயினும் புகைக்கும் அளவு கூடக்கூட அவ்விறப்பும் கூடியமை புலனாயிற்று. 2004இல் வெளிவந்த ஐம்பதாண்டு அறிக்கை, புகைத்தலைக் கைவிடாதோர் சராசரியாக ஏறத்தாழ 10 ஆண்டு ஆயுளை இழந்தனர் என நிறுவிற்று.

இதே வைத்தியரின் பெயரைத்தான் மூலதனமும் பயன்படுத்தியது. ஏனைய சிகரெட்டுகளைவிடக் கமலையே அதிக வைத்தியர் புகைக்கின்றனர் என 1946 முதல் அமெரிக்காவில் விளம்பரம் செய்யப்பட்டது.

காலப்போக்கில் வைத்தியரிடையே புகைத்தல் விரைந்து அருகிற்று. தாதியரிடையே அது நெடுங்காலம் நீடித்தது. இருசாராரும் ஒரே நோயாளரையே கண்டனர்; ஒரே மரணங்களுக்கே அருகில் நின்றனர். எனவே வேறுபாட்டின் வேரை அறிவில் மட்டும் தேடுதல் பயனற்றது. உழைப்பின் ஒழுங்கமைப்பிலே தேடவேண்டும் என்பது நமது கருத்து. வைத்தியர் தம் நேரத்தைப் பெருமளவு தாமே ஆள்பவர். தாதியோ இரவுமுறைக்கும் மேற்பார்வைக்கும் கட்டுப்பட்டவர், ஊதியத்திலும் அந்தஸ்திலும் தாழ்த்தி வைக்கப்பட்டவர், பெரும்பாலும் பெண். விடுதியில் வெறுமனே அமர்ந்திருப்பவர் சோம்பேறி எனப்படுவார். சிகரெட்டுடன் வெளியே நிற்பவரோ இடைவேளையில் இருப்பவராகக் கொள்ளப்படுவார். ஆக, சிகரெட் ஐந்து நிமிட ஓய்வுக்கான அனுமதிச் சீட்டாகிறது.

இதனால் நிக்கொற்றினின் பிடியை நாம் மறுப்பதாகக் கொள்ளலாகாது. அவ்வாறு மறுப்பது இயந்திரப்பாங்கான பொருள்முதல்வாதமாகும். அப்பிடி உடலியல் உண்மை. ஆனால் அது எவரிடம் எளிதில் தளர்கிறது, எவரிடம் இறுகுகிறது என்பது உடலியலால் மட்டும் விளங்குவதன்று. 1951ஆம் ஆண்டு வினாக்கொத்து, எவ்வளவு புகைக்கிறீர், எவ்வயதில் தொடங்கினீர் என வினவியது. இறப்பை அளக்க அவை போதுமானவை. எந்த வேலைக்கும் எந்த வேலைக்கும் இடையிற் புகைக்கிறீர் என்பது தாதியரிடம் கேட்கப்படவேண்டிய வினா.